டெட்ரிஸில் குறை உண்டா?

குறையே சொல்ல முடியாத வீடியோ கேம் ஒன்று உண்டா என்று கேட்டால் பலர் யோசிக்காமல் சொல்லும் பெயர் டெட்ரிஸ். கதை கிடையாது, நாயகன் கிடையாது, பழசாகிப்போக அழகான காட்சிகளும் கிடையாது; சேர்க்கவோ நீக்கவோ அதில் ஏதுமில்லை என்பார்கள். அது பிறந்த விதம் இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவுக்குக் கிடைத்தது எலக்ட்ரோனிகா 60 என்ற கணினி. படம் வரையும் வசதி அதில் இல்லாததால் எழுத்துக் குறிகளை அடுக்கியே கட்டைகளைத் திரையில் காட்டினார். ஐந்தைந்து சதுரங்களால் ஆன 12 வடிவங்களைப் பெட்டிக்குள் அடுக்கும் பென்டோமினோ புதிர்தான் அவருக்குத் தூண்டுதல். அதை நான்கு சதுரங்களாகச் சுருக்கினார். ஏழு வடிவங்கள் மிஞ்சின. மேலிருந்து விழும் கட்டைகள் சற்று நேரத்தில் திரையை அடைத்துக்கொண்டன. அதனால், இடைவெளியின்றி நிரம்பிய வரிசை மறைந்துவிட வேண்டும் என்று விதி வைத்தார். இன்றுவரை விளையாட்டின் உயிர்நாடி அந்த விதிதான்.

சுருக்கம் மெச்சத்தக்கது, அதில் ஐயமில்லை. ஆனால் சுருக்கத்தையும் முழுமையையும் ஒன்றாக நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. ஏழு கட்டைகள், மறையும் வரிசைகள் என்பது விளையாட்டின் எலும்புக்கூடு மட்டுமே. கட்டை எந்த வேகத்தில் விழும், சுவரை ஒட்டி நிற்கும்போது எப்படித் திரும்பும், அடுத்து வரப்போவது முன்கூட்டியே தெரியுமா, தரையைத் தொட்ட கட்டை எப்போது இறுகும் ஆகியவற்றை முடிவு செய்தால்தான் ஆட முடியும். இவற்றுக்கு ஒரே விடை என்றைக்கும் இருந்ததில்லை. அப்போது பதினாறு வயதாக இருந்த வாதிம் கெராசிமோவ் ஐபிஎம் கணினிக்கு மாற்றியபோது டெட்ரிஸ் ஒரு முகம் பெற்றது. பிறகு உரிமச் சிக்கல் வந்தது. மென்பொருள் ஏற்றுமதியைக் கையில் வைத்திருந்த எலோர்க் என்ற சோவியத் அரசு நிறுவனத்திடம் நேரடியாகப் பேசாமலேயே மேற்கில் பலர் உரிமையை விற்றும் வாங்கியும் கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு டெட்ரிஸ் வெளிவந்தது. 1989இல் நின்டெண்டோவின் கேம் பாய் கருவியோடு சேர்ந்து கோடிக்கணக்கான கைகளுக்குப் போனது ஒன்று. அதே ஆண்டு நீதிமன்றத் தடையால் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது அட்டாரியின் துணை நிறுவனமான டெங்கனின் டெட்ரிஸ். பஜித்னோவுக்கு முறையான ராயல்டி கிடைக்கத் தொடங்கியதோ 1996இல்தான். முழுமையானது என்று கொண்டாடுபவர்கள் இவற்றில் எந்த டெட்ரிஸைச் சொல்கிறார்கள் என்பதே தெளிவில்லை.

விவரங்கள் வேறுபட்டாலும் அடிப்படை விதி குறையற்றதுதானே என்று கேட்கலாம். கணிதம் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. கட்டைகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் குலுக்கலில் வருவதாக வைத்துக்கொண்டால், எவ்வளவு திறமையாக ஆடினாலும் ஒருநாள் தோல்வி நிச்சயம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் பிரஸுஸ்டோவ்ஸ்கி 1992இல் தம் ஆய்வேட்டில் இந்தக் கேள்வியை ஆராய்ந்தார். எஸ் வடிவமும் இசட் வடிவமும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால் 70,000 கட்டைகளுக்குள் ஆட்டம் முடிந்தே தீரும் என்று 1997இல் ஹெய்டி பர்கியெல் காட்டினார். அப்படியொரு வரிசை யாருக்காவது வாய்க்குமா என்று சிரிக்கலாம்; ஆனால் அதன் சின்ன வடிவம் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பழக்கமானது. நான்கு வரிசைகளை ஒரே அடியில் அழிக்கும் நீளக் கட்டைக்காக ஓரத்தில் பள்ளம் விட்டுக் காத்திருக்க, அது மட்டும் வராது. ஆட்டக்காரர் செய்த பிழை எதுவும் இல்லை, இருந்தும் தோற்கிறார். இதைச் சரிசெய்ய 2000க்குப் பிறகு வந்த பதிப்புகளில் ஏழு கட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, எல்லாம் வெளிவந்த பிறகே மறுபடி குலுக்கும் முறை நிலைத்தது. இதன்படி இரண்டு நீளக் கட்டைகளுக்கு இடையே அதிகபட்சம் 12 கட்டைகள்தான் வரும். அநீதி ஒழிந்தது. கூடவே, வருமா வராதா என்ற நடுக்கமும் போனது. என் கணக்கில் அது பெரிய இழப்பு. 2001இல் வந்த டெட்ரிஸ் வேர்ல்ட்ஸில் தரையைத் தொட்ட கட்டையைத் திருப்பிக்கொண்டே இருந்தால் அது இறுகாமல் நின்றது. யோசிக்க அவகாசம் கொடுத்த அந்தச் சலுகை, அவசரத்தில் முடிவெடுக்கும் சுவையைக் கெடுத்துவிட்டதென்று பழைய ரசிகர்கள் குறை சொன்னார்கள். ஒரு குறையைத் தீர்த்தால் வேறொரு இடத்தில் குறை முளைப்பது இந்த விளையாட்டின் வரலாறு முழுக்கத் தெரிகிறது.

இதைவிட வலுவான சான்று 1989இல் நின்டெண்டோ தன் வீட்டுக் கருவிக்கு வெளியிட்ட டெட்ரிஸில் இருக்கிறது. அதில் 29ஆம் லெவலை எட்டியதும் கட்டை, திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு வரிசை இறங்கும். நொடிக்கு அறுபது முறை திரை புதுப்பிக்கப்படுவதால், இருபது வரிசை உயரத்தைக் கடக்க மூன்றில் ஒரு நொடி போதும். பட்டனை அழுத்திப் பிடித்தால் ஓரம் போய்ச் சேர்வதற்குள் கட்டை தரையில் இருக்கும். ஆகவே அதுவே எல்லை என்று வெகுகாலம் எல்லோரும் நம்பினார்கள். பிறகு, கட்டைவிரலை நடுங்கவிட்டு நொடிக்குப் பத்து முறைக்கு மேல் பட்டனைத் தட்டப் பழகினார்கள் சிலர். அடுத்த தலைமுறை, பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு கையில் பிடிக்கும் கண்ட்ரோலரின் முதுகில் மற்ற விரல்களால் தாளம் தட்டும் உத்தியைக் கண்டுபிடித்தது. எல்லை காணாமல் போயிற்று. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் 157ஆம் லெவல் வரை ஆடினான். நிரல் தாங்க முடியாமல் திரை உறைந்து நின்றது. அந்த எல்லைக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று எழுதியவர்களே எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு விளையாட்டில் பாதி விதி, மறுபாதி ஆடுகிற ஆள். விதியை அச்சில் வார்த்து நிறுத்தலாம், ஆள் நிற்பதில்லை. 1989இன் விரல்களுக்கு அளந்து தைத்த சட்டை 2023இன் விரல்களுக்குச் சேரவில்லை.

விமர்சகர்களின் முழு மதிப்பெண்ணைச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. ஜப்பானின் ஃபாமிட்சு இதழ் முதன்முதலாக நாற்பதுக்கு நாற்பது கொடுத்தது 1998இல் வந்த ஸெல்டா: ஒகரினா ஆஃப் டைம் விளையாட்டுக்கு. அதன் நீர்க்கோயில் கட்டத்தில் இரும்புக் காலணியை மாட்டவும் கழற்றவும் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தி மெனுவுக்குப் போக வேண்டியிருந்தது. 2011இல் வெளிவந்த மறுபதிப்பில் அந்தத் தொல்லையை நின்டெண்டோவே நீக்கியது. அன்றைக்கு மற்ற எல்லாவற்றையும் மிஞ்சியது என்பதற்கு மேல் அந்த நாற்பதுக்கு வேறு பொருள் இல்லை.

சதுரங்கத்தைக் காட்டும் வாதம் இதைவிடக் கனமானது: பல நூற்றாண்டுகள் மாறாமல் நின்ற விளையாட்டு இருக்கும்போது வீடியோ கேமுக்கு மட்டும் ஏன் முழுமை வாய்க்காது? ஆனால் சதுரங்கமும் மாறாமல் நிற்கவில்லை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அதுவரை ஓரடி நகர்ந்த காய் ராணியாகிப் பலகை முழுக்கப் பாயத் தொடங்கியது. பின்னாளில் கடிகாரம் வந்தது. ஆட்டக்காரர்கள் தேறத் தேற விதியும் அவர்களுக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தது.

டெட்ரிஸுக்கும் இதுதான் நடந்திருக்கிறது. என் மதிப்பீட்டில் அது வீடியோ கேம்களில் ஆகச் சிறந்தவற்றில் ஒன்று; முழுமையானது என்று மட்டும் சொல்ல மாட்டேன். அதை உயிராக நேசிப்பவர்களின் செயலும் அதையே சொல்கிறது. யாரும் தோற்காமல் ஆட்டங்கள் நீண்டுகொண்டே போனதால், 1989 பதிப்பில் நடக்கும் உலகப் போட்டியில் 2023 முதல் 39ஆம் லெவலில் வேகத்தை இரட்டிப்பாக்கும் திருத்திய நிரலைப் பயன்படுத்துகிறார்கள்.