மார்பகப் புற்றுநோய்க்கான கையடக்க ஒளிப்படிமக் கருவி

அண்மை அகச்சிவப்பு ஒளியை மார்பகத்துக்குள் செலுத்தி, சிதறித் திரும்பும் ஒளியை அளந்து கட்டியைத் தேடும் கருவி. எக்ஸ்ரே கதிர் இல்லை; மேமோகிராமைப் போல மார்பை இரு தகடுகளுக்கிடையே அழுத்தவும் வேண்டாம்.

இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடினால் விரல்கள் சிவப்பாகத் தெரியும். மற்ற நிறங்களை இரத்தம் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் சதையைக் கடந்து வருகிறது. இக்கருவியின் அடிப்படையும் அதுவே. 650 முதல் 900 நானோமீட்டர் வரையிலான ஒளி திசுவுக்குள் சில சென்டிமீட்டர் ஆழம் இறங்கும். வளரும் கட்டி புதிய இரத்தக்குழாய்களை உண்டாக்கிக்கொள்வதால் அங்கே ஹீமோகுளோபின் மிகும். ஒளி கூடுதலாக உறிஞ்சப்படும். பல அலைநீளங்களில் அளந்தால் ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபினையும் ஏற்காததையும் பிரித்தறியலாம்.

1929-இல் அமெரிக்க மருத்துவர் மேக்ஸ் கட்லர் வெறும் விளக்கொளியை மார்பகத்தில் பாய்ச்சிக் கட்டியைக் காண முயன்றார். கிடைத்தவை மங்கிய நிழல்களே. பின்னாளில் கலிபோர்னியாவின் இர்வைனிலும் மயாமியிலும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கையில் பிடிக்கும் ஆய்வுமுனைகளை உருவாக்கினர்.

ஒளி நேர்கோட்டில் செல்லாமல் சிதறுவதால் படத்தில் துல்லியம் குறைவு. ஆழத்திலுள்ள சிறு கட்டிகள் தப்பிவிடலாம். எனவே இது மேமோகிராமுக்கு மாற்றாகாது. அறுவைக்கு முந்தைய கீமோதெரபிக்குக் கட்டி இணங்குகிறதா என்று அடிக்கடி, வலியின்றிக் கண்காணிப்பதிலேயே இதன் உண்மையான வலிமை இருக்கிறது.