இரத்தக்கட்டி வடிகட்டி: பொருத்தும் நாளும் அகற்றும் நாளும்

கல்முனை பிரதான வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். தலையில் அடிபட்டு மூளையில் இரத்தக் கசிவு. தொடை எலும்பும் முறிந்து கட்டிலோடு கிடக்கிறார். சில நாட்களில் கால் வீங்குகிறது. ஸ்கேன் செய்தால், காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் கட்டியாக உறைந்திருப்பது தெரிகிறது. கட்டி வளராமலிருக்க இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து கொடுக்க வேண்டும். கொடுத்தால் மூளையின் கசிவு கூடலாம். கொடுக்காவிட்டால் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே பறிக்கலாம்.

இந்த இக்கட்டுக்கு வைத்தியர்களிடம் உள்ள ஒரு வழிதான் ‘ஐ.வி.சி. ஃபில்டர்’ எனப்படும் வடிகட்டி. "உடம்புக்குள் கம்பி வைக்கப் போகிறார்களாம்" என்று கேட்டதும் வீட்டார் கலங்கிப்போவது இயல்பு. ஆனால் இது பெரிய சத்திரசிகிச்சை அல்ல. பொருத்துவதைவிட, பொருத்திய பின் அதை மறந்துவிடுவதில்தான் ஆபத்து அதிகம்.

வடிகட்டி என்ன செய்கிறது?

கால்களிலிருந்தும் இடுப்பிலிருந்தும் இரத்தம் கீழ்ப்பெருநாளம் வழியாக இதயத்துக்குத் திரும்பி, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது. காலிலிருந்து பிய்ந்து வரும் கட்டிக்கும் இதுதான் பாதை. சிறுநீரக நாளங்கள் இப்பெருநாளத்தில் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே வடிகட்டியை வைக்கிறார்கள். சில சென்ரிமீற்றர் நீளமுள்ள இது, துணி கழற்றிய குடையின் கம்பிகளைப் போல இருக்கும். இரத்தம் கம்பிகளுக்கிடையே ஓடிவிடும்; பெரிய கட்டி சிக்கிக்கொள்ளும்.

வடிகட்டி ஏற்கனவே உள்ள கட்டியைக் கரைக்காது. காலில் புதிய கட்டி உண்டாவதையும் தடுக்காது. அதனால் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தை எடுக்கக்கூடியவர்களுக்கு அந்த மருந்தே முதல் சிகிச்சை. மருந்து கொடுக்க முடியாதவர்களுக்கும், மருந்தை ஒழுங்காக எடுத்தும் கட்டி மீண்டும் நுரையீரலுக்குப் போனவர்களுக்குமே பெரும்பாலும் வடிகட்டி பரிந்துரைக்கப்படுகிறது.

குடையிலிருந்து கூம்புக்கு

முற்காலத்தில் கட்டி மேலே போகாமலிருக்க வயிற்றைத் திறந்து பெருநாளத்தையே கட்டிவிடுவார்கள். 1967இல் அமெரிக்காவின் மயாமியில் பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர் காஸி மொபின் உத்தீன், நாளத்தின் வழியாகவே செலுத்தக்கூடிய குடை வடிவ வடிகட்டியை அறிமுகப்படுத்தினார். அதில் பெருநாளமே அடைபட்டுப்போவது அடிக்கடி நடந்தது. 1973இல் லாசர் கிரீன்ஃபீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், எண்ணெய்த்துறைப் பொறியியலாளர் ஒருவருடன் சேர்ந்து கூம்பு வடிவத்தைக் கொண்டுவந்தார். கூம்பில் சிக்கும் கட்டி நடுவில் ஒதுங்கும். ஓரங்களால் இரத்தம் தொடர்ந்து ஓடும். இன்றைய வடிகட்டிகள் பலவும் இந்த வழியில் வந்தவையே. இப்போது பயன்படுத்துபவற்றில் பல, தேவை முடிந்ததும் வெளியே எடுக்கக்கூடியவை.

போகும் முன்

கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கு ஆதார வைத்தியசாலை என இரண்டு பெரிய வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஆனால் வடிகட்டி பொருத்த, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி நாளத்துக்குள் கருவி செலுத்தப் பயிற்சி பெற்ற நிபுணரும் அதற்கான அறையும் வேண்டும். எந்த வைத்தியசாலைக்கு, எப்போது போவது என்பதைச் சிகிச்சையளிக்கும் வைத்தியரே ஒழுங்கு செய்வார். பலருக்கு அது இரவு முழுவதும் பயணமாகலாம். காலில் கட்டியுள்ள ஒருவரைத் தனிப்பட்ட வாகனத்தில் கூட்டிச் செல்ல நினைத்தால், முதலில் வைத்தியரின் அனுமதியைப் பெறுங்கள்.

இரத்தம் உறையும் தன்மையையும் சிறுநீரகத்தின் நிலையையும் அறிய இரத்தப் பரிசோதனை செய்வார்கள். முன்பு ஸ்கேனுக்கு ஏற்றிய சாயமருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், சிறுநீரக நோய் இருந்தால், நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் எடுத்தால், கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். எந்த மருந்தையும் தானாக நிறுத்தக் கூடாது. சாப்பாடு எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்பதை வார்டில் சொல்வார்கள்.

மேசையில் நடப்பது

பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது. கழுத்து அல்லது தொடை இடுக்கில் ஓரிடத்தை மட்டும் விறைக்கச் செய்வார்கள். சிலருக்குப் பதற்றம் தணிய ஊசி போடுவார்கள். ஸ்கேன் கருவியால் நாளத்தைப் பார்த்து ஊசி குத்தி, மெல்லிய குழாயைச் செலுத்துவார்கள். சாயமருந்து ஏற்றும்போது உடம்பெல்லாம் ஒரு நொடி சூடு பரவுவதுபோல இருக்கும், அது சாதாரணம். பெருநாளத்தின் அகலத்தையும் சிறுநீரக நாளங்கள் சேரும் இடத்தையும் திரையில் பார்த்த பின், குழாய்க்குள் சுருக்கி வைத்த வடிகட்டியை வெளியே தள்ளுவார்கள். அது தானே விரிந்து நாளச் சுவரைப் பற்றிக்கொள்ளும். வடிகட்டி விரிவது நோயாளிக்குத் தெரியாது. பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். தையல் பொதுவாகத் தேவைப்படாது.

உடம்பு முழுவதும் துணி போர்த்தப்பட்டிருக்கும். ஊசி குத்தும் இடம் மட்டுமே திறந்திருக்கும். பெண் தாதி அருகில் இருக்க வேண்டும், முடிந்தால் கழுத்து வழியாகச் செய்ய வேண்டும் என்று பெண்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். அதைக் கேட்பதில் கூச்சப்பட எதுவுமில்லை.

முடிந்த பின் குத்திய இடத்தை அழுத்திப் பிடித்து, சில மணித்தியாலம் படுக்க வைப்பார்கள். வேறு நோய் இல்லாவிட்டால் அன்றோ மறுநாளோ துண்டு வெட்டிவிடுவார்கள். சில நாட்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது. குனிந்து சுஜூது செய்வது சிரமமாக இருந்தால் கதிரையில் அமர்ந்து தொழலாம்.

நோன்பும் மருந்தும்

சாயமருந்து ஏற்றிய பின் நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். ரமழானில் சிகிச்சை அமைந்தால் அன்றைய நோன்பைப் பின்னர் கழாச் செய்துகொள்ளலாம். நோயாளிக்கும் பயணிக்கும் மார்க்கம் தந்த சலுகை அது. வோர்ஃபரின் போன்ற மாத்திரைகளின் நேரத்தை நோன்புக்கு ஏற்ப மாற்ற முடியுமா என்பதை நோன்பு தொடங்கும் முன்னரே கிளினிக்கில் கேளுங்கள்.

பலர் மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. ஹெப்பரின், எனொக்சபரின் ஊசிகள் பன்றியின் குடலிலிருந்து எடுக்கும் பொருளால் தயாராகின்றன. அதில் தயக்கமிருந்தால் சொல்லாமல் ஊசியைத் தவிர்க்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து. மாற்று மருந்து பொருந்துமா என்று வைத்தியரிடமும், அவசியத்தின் சட்டம் என்ன என்று உலமாவிடமும் உடனே கேட்டுத் தெளியலாம். வடிகட்டி உலோகத்தால் ஆனது. அதில் இந்தக் கேள்வி எழாது.

எப்போது அகற்றுவது?

இதுதான் பலர் தவறவிடும் பகுதி. பிரான்ஸில் 400 நோயாளிகளிடம் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், முதல் 12 நாட்களில் நுரையீரலுக்குக் கட்டி போனது வடிகட்டி வைத்தவர்களில் 1.1 சதவீதத்தினருக்கு, வைக்காதவர்களில் 4.8 சதவீதத்தினருக்கு. இரண்டு வருடங்களின் பின் காலில் மீண்டும் கட்டி உண்டானது வைத்தவர்களில் 20.8 சதவீதத்தினருக்கு, வைக்காதவர்களில் 11.6 சதவீதத்தினருக்கு. இறப்பு எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தொடக்கத்தில் காக்கும் கருவியே நாட்பட்டால் சுமையாகலாம் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது. 2005 முதல் அதற்குக் கிடைத்த 921 முறைப்பாடுகளில் 328 வடிகட்டி இடம் நகர்ந்தது பற்றியவை. 146 அதன் பாகம் கழன்றது, 70 நாளச் சுவரைத் துளைத்தது, 56 கம்பி முறிந்தது பற்றியவை. ஆபத்து நீங்கியவர்களுக்கு, பொருத்திய 29ஆம் நாளுக்கும் 54ஆம் நாளுக்கும் இடையில் அகற்றுவதே நன்மை என்று அதன் கணிப்பு 2014இல் கூறியது. எல்லோருக்கும் ஒரே நாள் பொருந்தாது. சிலருக்கு நிரந்தரமாக இருக்க வேண்டியும் வரலாம். ஆனால் அது வைத்தியர் எடுத்த முடிவாக இருக்க வேண்டும். மறதியால் நேர்ந்ததாக இருக்கக் கூடாது.

அகற்றுவதும் ஏறத்தாழ இதே முறைதான். பெரும்பாலும் கழுத்து வழியாகச் சுருக்குக் கம்பியைச் செலுத்தி, வடிகட்டியின் கொக்கியைப் பிடித்து, குழாய்க்குள் மடித்து இழுத்துவிடுவார்கள். நாட்பட நாட்பட வடிகட்டி நாளச் சுவரோடு ஒட்டிக்கொள்வதால் எடுப்பது கடினமாகும். கால் வலி போய்விட்டது, பயணம் தூரம், வேலை நாள் வீணாகும் என்று தள்ளிப்போடுவது இதனால்தான் ஆபத்து.

கத்தாரிலோ சவூதியிலோ வேலை செய்யும்போது வடிகட்டி பொருத்தப்பட்டு ஊர் திரும்பியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்குள்ள வைத்தியருக்கு உங்கள் நினைவு இருக்காது. இங்குள்ள வைத்தியருக்கு விடயமே தெரியாது. வடிகட்டியின் பெயர், வகை, பொருத்திய திகதி உள்ள அட்டையையும் அறிக்கையையும் கேட்டு வாங்கி வந்து, இங்கு முதல் கிளினிக்கிலேயே காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன்னரும் அந்த அட்டையைக் காட்ட வேண்டும். உம்ரா, ஹஜ் போன்ற நீண்ட விமானப் பயணத்துக்கு முன் வைத்தியரிடம் ஆலோசனை பெறுங்கள்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஏற்பட்டால் உடனே 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். குத்திய இடத்தில் இரத்தம் வந்தால் அழுத்திப் பிடித்தபடி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இரண்டு கால்களும் வீங்குவது, விடாத வயிற்றுவலி அல்லது முதுகுவலி, காய்ச்சல் ஆகியவற்றையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

துண்டு வெட்டும் நாளில் வீட்டார் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்: இது அகற்றக்கூடியதா? அகற்றுவது பற்றி முடிவெடுக்க எந்தத் திகதியில், யாரிடம் வர வேண்டும்? இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தை எப்போது தொடங்குவது? பதில்களை டயக்னோசிஸ் கார்டிலும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலும் எழுதி வாங்குங்கள். வீட்டுக் கலண்டரிலும் அந்தத் திகதியை வட்டமிட்டு வையுங்கள்.