உயரத்தில் வேலையா? மாமரம், புளியமரம், தென்னை, ஷெட் கூரையில் ஏறும்போது விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

காவேரிப்பட்டினம், போச்சம்பள்ளி, பர்கூர் பகுதிகளில் ஆண்டின் பல மாதங்களில் உயரத்தில் ஏறிச் செய்யும் வேலை இருக்கிறது. மாசி, பங்குனியில் புளி உலுக்க வேண்டும். சித்திரை தொடங்கி ஆடி வரை மாங்காய் பறிப்பு. தென்னைக்குச் சுமார் 45 நாளுக்கு ஒரு வெட்டு. சீசன் முடிந்ததும் பலர் ஓசூர், சூளகிரி பக்கம் கட்டட வேலைக்கும், கம்பெனிகளுக்குக் கூரை ஷீட் போடும் வேலைக்கும் போகிறார்கள். "நாங்க சின்ன வயசிலிருந்தே ஏறுறோம்" என்ற பழக்கம் கைகொடுக்கும்தான். ஆனால் உளுத்த கிளைக்கும் பழைய ஷீட்டுக்கும் அந்தப் பழக்கம் தெரியாது.

எவ்வளவு உயரம் ஆபத்து?

10 அடியிலிருந்து விழுபவர் ஒரு நொடிக்குள் தரையைத் தொடுகிறார். அப்போது வேகம் மணிக்குச் சுமார் 28 கி.மீ. 20 அடி என்றால் 39 கி.மீ., 40 அடித் தென்னை என்றால் 56 கி.மீ. கையை நீட்டி எதையாவது பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்காது. அமெரிக்காவில் கட்டட வேலையில் 6 அடிக்கு மேல் ஏறினாலே விழாமல் தடுக்கும் ஏற்பாடு கட்டாயம். நம் ஊர் மாட்டுக் கொட்டகைக் கூரையே அதைவிட உயரம்.

ஏறாமல் முடியுமா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மாங்காயைத் தரையிலிருந்தே பறிக்க, நுனியில் வளையம், வலை, கத்தி பொருத்திய கோல்கள் கிடைக்கின்றன. காம்போடு பறித்து வலையில் விழும் காய்க்கு அடிபடாது, பாலும் வடியாது. உலுக்கி விழுந்த காயைவிட நல்ல விலைக்குப் போகும்.

மரத்தின் உயரத்தையும் குறைக்கலாம். அறுவடை முடிந்ததும் கவாத்து செய்து, நடுவில் நிமிர்ந்து போகும் கிளைகளை எடுத்துவிட்டால் வெளிச்சம் உள்ளே இறங்கும், காய்ப்பும் கைக்கு எட்டும். புதிதாக நடுபவர்கள் 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம் வைப்பதற்குப் பதிலாக, 5 மீட்டர் இடைவெளியில் 160 மரம் வைத்து ஆண்டுதோறும் கவாத்து செய்தால் ஏணியே தேவைப்படாது. இதற்கான ஆலோசனையைக் காவேரிப்பட்டினத்தை ஒட்டிய பையூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம்.

மரம் ஏறும்போது

* மழை பெய்த மறுநாள் காலையும், பனி ஈரம் காயும் முன்பும் ஏற வேண்டாம். பலத்த காற்றடிக்கும்போதும் ஏறக் கூடாது.
* கீழிருந்தே மரத்தைச் சுற்றிப் பாருங்கள். பட்ட கிளை, பொந்து, துளைப்பான் தாக்கிய தடம் இருந்தால் அந்தக் கிளையில் கால் வைக்காதீர்கள். முருங்கை, நாவல் கிளைகள் முன்னறிவிப்பின்றி முறியும்.
* கதண்டு, தேன்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். மாமரத்தில் முசுறு எறும்புக் கூடு இருந்தால், கடிக்கும் வலியில் பிடியை விட்டு விழ நேரிடும். கூட்டை அகற்றிய பிறகே ஏற வேண்டும்.
* இரண்டு கால் ஒரு கை, அல்லது இரண்டு கை ஒரு கால் என மூன்று பிடிமானம் எப்போதும் இருக்க வேண்டும். அரிவாளைக் கையில் பிடித்தபடி ஏறாதீர்கள். கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்ளுங்கள்.
* புளி உலுக்கும்போது கிளை நுனிக்குப் போகாதீர்கள். தாங்கும் கிளையில் உடலைக் கட்டிக்கொண்டு, எட்டாததைத் துறட்டியால் உலுக்குங்கள்.
* குடித்துவிட்டோ, தலைசுற்றல் தரும் மருந்து சாப்பிட்டுவிட்டோ ஏறவே கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களை ஏற்ற வேண்டாம்.
* தனியாக ஏறாதீர்கள். கீழே ஒருவர் இருக்க வேண்டும், ஆனால் மரத்தடியில் நிற்கக் கூடாது.

தென்னை ஏறுபவர்களுக்கு

வெறும் தளைக்கயிற்றை மட்டும் நம்பாமல் ஏறும் கருவியைப் பயன்படுத்தலாம். கேரளாவின் செம்பேரியைச் சேர்ந்த விவசாயி உருவாக்கிய, நின்றபடி ஏறும் கருவி தமிழ்நாட்டிலும் புழக்கத்தில் உள்ளது. கருவியோடு பாதுகாப்புப் பட்டையையும் மாட்டிக்கொண்டால்தான் முழுப் பயன். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சியை நடத்தி வருகிறது. மரம் ஏறுபவர்களுக்கென வாரியத்தின் 'கேரா சுரக்ஷா' விபத்துக் காப்பீடும் உண்டு. விவரங்களை வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

மின்கம்பி

தோப்பின் மேல் மின்கம்பி போனால் அலுமினிய ஏணியும் இரும்புத் துறட்டியும் கூடவே கூடாது. பச்சை மூங்கிலும் ஈரக் கோலும் மின்சாரத்தைக் கடத்தும். கம்பி கிளையைத் தொட்டால் நீங்களே வெட்டாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை செய்ய வேண்டும்.

ஏணி வைக்கும் முறை

ஏணி சாயும் இடம் 12 அடி உயரம் என்றால், அடிப்பகுதி சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். 4-க்கு 1 என்பது கணக்கு. அதைவிட நிமிர்த்தினால் பின்னால் சாயும், அதைவிடப் படுக்க வைத்தால் வழுக்கும். கூரைக்கு ஏறும்போது ஏணியின் தலை கூரை விளிம்புக்கு மேல் 3 அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மேல்முனையைக் கட்டிவிடுங்கள். உழுத மண்ணில் வைப்பதானால் அடியில் பலகை போடுங்கள். மூங்கில் ஏணியின் அடியைக் கரையான் அரித்திருக்கிறதா என்று ஒவ்வொரு சீசனிலும் தட்டிப் பாருங்கள்.

ஷெட் கூரை

கோழிப் பண்ணை, மாட்டுக் கொட்டகை, கிடங்குக் கூரைகளில் உள்ள சிமெண்ட் ஷீட் ஆள் எடையைத் தாங்காது. வெயிலிலும் மழையிலும் கிடந்து பழையதான ஷீட் பார்க்க நன்றாகவே இருக்கும், கால் வைத்ததும் உடையும். வெளிச்சத்துக்காகப் போடும் ஃபைபர் ஷீட், தூசி படிந்தபின் மற்ற ஷீட்டிலிருந்து வித்தியாசமே தெரியாது. 'போல்ட் வரிசை மேலேயே நடந்தால் போதும்' என்பதும் தவறு, ஒரு அடி தவறினால் முடிந்தது. இரண்டு மூன்று பர்லின் மீது படும்படி நீளப் பலகைகளைப் போட்டு, அதன்மேல்தான் நடக்க வேண்டும். ஒரு ஷீட் மட்டும் மாற்றுவதாக இருந்தால், கீழே சாரம் கட்டி அடியிலிருந்து மாற்றுவது நல்லது.

வெளி வேலைக்குப் போகிறவர்களுக்கு

உயரத்தில் வேலை செய்பவர் விழாமலிருக்கத் தடுப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. ஆகவே ஹெல்மெட்டும் பெல்ட்டும் கேட்பது உரிமை, தயவு அல்ல. இடுப்பு பெல்ட் மட்டும் போதாது. விழும்போது அது வயிற்றையும் முதுகெலும்பையும் நசுக்கும். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் ஃபுல் பாடி ஹார்னஸ் கேளுங்கள். அதில் ஐ.எஸ். 3521 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கொக்கியைத் தலைக்கு மேலே உறுதியான இரும்பில் மாட்ட வேண்டும். காலடியில் மாட்டினால் விழும் தூரம் கூடும். ஒருமுறை ஆளைத் தாங்கிய பெல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. பெல்ட்டில் தொங்குபவரை உடனே இறக்க வேண்டும். அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

யாராவது விழுந்துவிட்டால்

1. உடனே 108-ஐ அழையுங்கள். தோப்பு எங்கே இருக்கிறது, எந்த வழியில் வர வேண்டும் என்று சொல்லுங்கள். ரோட்டில் ஒருவரை நிறுத்துங்கள்.
2. தூக்கி உட்கார வைக்காதீர்கள். கை காலை இழுக்காதீர்கள், நீவி விடாதீர்கள். முதுகுத்தண்டு உடைந்திருந்தால், தவறாகத் தூக்குவதாலேயே இரண்டு காலும் செயலிழந்து போகலாம்.
3. தலையும் கழுத்தும் அசையாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.
4. ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள்.
5. தண்ணீர், காபி, சோடா எதுவும் கொடுக்காதீர்கள்.
6. நகர்த்தியே ஆக வேண்டுமானால் நான்கைந்து பேர் சேர்ந்து, உடலை ஒரே கட்டையாகப் புரட்டி, அகலப் பலகையில் ஏற்றுங்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு போகவே கூடாது.
7. தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

காப்பீடு

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள யாரும் சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம் கிடைக்கும். கணக்கில் பணம் இல்லாமல் தவணை விட்டுப்போனால் காப்பீடும் போய்விடும், மே மாதக் கடைசியில் சரிபாருங்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து, பதிவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். மாங்காய் பறிக்க ஆள் அழைக்கும் தோப்புக்காரர்கள், சீசன் தொடங்கும் முன்பே அவர்கள் ஒவ்வொருவருக்கும் இந்த 20 ரூபாய் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டு, இல்லாதவர்களைச் சேர்த்துவிடலாம்.