பேதி மருந்தும் மலசலகூடமும்: சப்ரகமுவத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பின் வரலாறு

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவ மாகாணத்தின் பெரும்பகுதி இலங்கையின் ஈரவலயத்தில் அமைந்துள்ளது. இரத்தினபுரி நகரில் மட்டும் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பெய்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் இறப்பரின் விலை உயர்ந்தபோது, களனிப் பள்ளத்தாக்கின் காடுகள் வெட்டப்பட்டு இறப்பர்த் தோட்டங்களாயின. 1912இல் குறும்பாதைப் புகையிரதம் இரத்தினபுரியை எட்டியது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த குடும்பங்கள் லயன் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் குடியேறின. இலை மூடிய நிழல், காயாத மண், வெறுங்கால் நடை, மலசலகூடம் இல்லாத லயன் என்னும் நான்கும் ஒருசேர வாய்த்த இந்நிலம், மனிதக் குடலில் வாழும் ஒரு சிறு புழுவுக்கு எல்லா வகையிலும் ஏற்ற இடமாயிற்று.

தமிழ்நாட்டில் கொக்கிப்புழு என்றும் இலங்கையில் கொழுக்கிப்புழு என்றும் வழங்கும் இவ்வுயிரி ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளமுடையது. சிறுகுடலின் சுவரை வாயால் பற்றிக்கொண்டு அது குருதியை உறிஞ்சுகிறது. பெண்புழு நாள்தோறும் இடும் ஆயிரக்கணக்கான முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரித்து, ஒரு வாரமளவில் தொற்றக்கூடிய இளம்புழுக்களாகின்றன. அவை வாய்வழியே மட்டுமன்றித் தோலைத் துளைத்தும் உடலுக்குள் புகும் என்பதை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ், புழு நிறைந்த நீர் தம் கையில் தற்செயலாகச் சிந்தியதிலிருந்து கண்டறிந்தார். விரலிடுக்கில் எழும் அரிப்பு வெறும் சேற்றுப்புண் போலவே தோன்றும். ஆனால் அவ்வழியே புகுந்த புழு குருதியோடு நுரையீரலை அடைந்து, தொண்டை வழியாக விழுங்கப்பட்டு, சில வாரங்களில் குடலில் நிலைகொண்டுவிடும்.

ஆசியாவிலும் பரவலாக உள்ள நெக்கேட்டர் என்னும் இனத்தின் ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சுவது ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் குருதியே. ஆயினும் ஐந்நூறு புழுக்களைச் சுமப்பவர் நாள்தோறும் 15 மில்லிலீற்றர் குருதியை இழக்கிறார். சோறும் சிறிதளவு மரக்கறியும் உண்டு வாழ்ந்த ஒருவரால் அந்த இழப்புக்குரிய இரும்புச்சத்தை உணவிலிருந்து ஈடுசெய்ய இயலாது. முகம் வெளிறுதல், கால் வீக்கம், மேட்டில் ஏறும்போது மூச்சிரைப்பு ஆகிய குருதிச்சோகையின் அறிகுறிகள் இவ்வாறே தோன்றின. தமிழ் மருத்துவம் இந்நிலையைப் பாண்டு என்று முன்பே அறிந்திருந்தது. ஆனால் நோயால் தளர்ந்தவரைச் சோம்பேறி என்று கருதும் வழக்கம், இந்நோய் பரவிய நாடுகள் பலவற்றில் முதலாளிகளிடம் இருந்தது. பேறுகால மரணம், எடை குறைந்து பிறக்கும் குழந்தை ஆகியவற்றுக்கும் சோகை காரணமாவதால், இந்நோயின் பெருஞ்சுமையைப் பெண்கள் தாங்கினர்.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளையும் இருப்பிடச் சுகாதாரத்தையும் பற்றி 1912இல் இரு கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1909 முதல் கொழுக்கிப்புழு ஒழிப்பை நடத்திவந்த ரொக்பெல்லர் நிறுவனம் 1913இல் அப்பணியைப் பிற நாடுகளுக்கும் விரிவாக்கியது. அதன் கீழைத்தேய இயக்குநரான விக்டர் ஹைசர் இலங்கைக்கு வந்த பின்னர், 1916இல் சப்ரகமுவத்துக்கு வெளியே, மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இலங்கையின் முதல் இயக்கம் தொடங்கிற்று. அங்கே பரிசோதிக்கப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புழு காணப்பட்டது. கடலைக் கடக்குமுன் தொழிலாளர் தங்கவைக்கப்பட்ட மண்டபம் முகாமிலும் பின்னர் புழுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஆனால் அங்கே மருந்துண்டு வந்தவர் தோட்டத்து மண்ணில் கால் வைத்த சில வாரங்களிலேயே மீண்டும் புழு ஏற்கக்கூடிய நிலையில் இருந்தார்.

அக்காலச் சிகிச்சை உடலை வருத்துவதாகவே இருந்தது. முதல் நாள் இரவு உணவைத் தவிர்த்துப் பேதியுப்பைக் குடித்து, மறுநாள் விடியலில் தைமோல் மருந்தை இரு வேளையாக விழுங்கி, பின்னர் மீண்டும் பேதியுப்பை உட்கொள்ள வேண்டும். எண்ணெயோ மதுவோ சேர்ந்தால் மருந்து குருதியில் கலந்து நஞ்சாகும் என்பதால் அவை விலக்கப்பட்டன. தைமோல் என்பது தமிழர் வீடுகளில் வயிற்றுப் பொருமலுக்குக் கசாயமிடும் ஓமத்திலிருந்து வடிக்கப்படும் பொருளாகும். இந்தியாவில் விளைந்த ஓமம் ஜெர்மனிக்குச் சென்று மருந்தாகித் திரும்பிவந்த அந்த வணிகம், 1914இல் மூண்ட முதலாம் உலகப் போரால் அறுந்தது. அதன் இடத்தை, சுமாத்திராவின் டெலித் தோட்டப் பகுதியில் முன்னரே சோதித்துப் பார்க்கப்பட்ட கெனப்போடியம் எண்ணெய் பிடித்தது. அது புழுவை நன்கு வெளியேற்றினாலும், அளவு சற்று மிகுந்தால் செவிப்புலனையும் சில வேளை உயிரையும் பறித்தது.

1921இல் அமெரிக்க விலங்கு மருத்துவ ஆய்வாளர் மொரிஸ் ஹோல், நாய்களில் நடத்திய சோதனைகளைக் கொண்டு காபன் நாற்குளோரைட்டு என்னும் திரவத்தை முன்மொழிந்தார். விலை மலிவும் ஒரே வேளை அளவும் அதன் சிறப்புகள். ஈரலை அது எவ்வளவு பாதிக்கும் என்பதை அறிய, இலங்கையில் மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்த கைதிகளுக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டு, தண்டனை நிறைவேறிய பின் அவர்களுடைய உடல்கள் ஆராயப்பட்டன. கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் முதலிய மருத்துவர்கள் எழுதிய அறிக்கைகள் 1922, 1923ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தன. ஆய்வுக்கு உட்படுவோரின் மனமுவந்த ஒப்புதல் இன்றியமையாதது என்னும் இன்றைய நெறி அன்று எழுதப்பட்டிருக்கவில்லை; ஆனால் மறுக்கும் உரிமை இல்லாத உடலில் பெற்ற அறிவு கடன்பட்ட அறிவு என்பதை மருத்துவ வரலாறு மறைக்கலாகாது. மருந்து பரவலாகப் பயன்பட்ட பின்னர் மது அருந்துவோரிடையேயும் சிறுவரிடையேயும் இறப்புகள் நேர்ந்தன. 1925இல் ஹோல் குழுவினரே கண்டறிந்த, நச்சுத்தன்மை குறைந்த நாற்குளோரோ எத்திலீன் படிப்படியாக அதனை அகற்றியது.

மருந்து மாறிய அதே ஆண்டுகளில் ஆய்வுகூட முறையும் மாறிற்று. தொடக்கத்தில் மலத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுணுக்குக்காட்டியில் பார்த்து, முட்டை உண்டு அல்லது இல்லை என்று மட்டுமே எழுதினர். அடர்ந்த உப்புநீரில் முட்டைகள் மேலே மிதக்கும் தன்மையைக் கொண்டு 1921இல் வகுக்கப்பட்ட மிதப்பு முறை, தடவல் முறைக்குத் தப்பிய தொற்றுகளையும் காட்டியது. எல்லோருக்குமே தொற்று உள்ள ஓர் ஊரில் உண்டு, இல்லை என்னும் விடையால் பயன் சிறிதே என்பதை உணர்ந்த நோர்மன் ஸ்ரோல், 1923இல் எண்ணும் முறையை வெளியிட்டார். மூன்று கிராம் மலத்தைச் செறிவு குறைந்த காரக் கரைசலில் 45 மில்லிலீற்றர் அளவுக்குக் கரைத்து, கண்ணாடி மணிகளிட்டுக் குலுக்கி, அதில் 0.15 மில்லிலீற்றரை மட்டும் எடுத்து முட்டைகளை எண்ணி நூறால் பெருக்கினால் ஒரு கிராமிலுள்ள முட்டைகளின் தொகை கிடைக்கும். இதனால் இருபது புழு உடையவரும் ஆயிரம் புழு உடையவரும் ஒரே நோயாளர் அல்லர் என்பது தெளிவாயிற்று. புழுவின் சுமையே நோயின் அளவு என்னும் இக்கருத்து இன்றுவரை மாறவில்லை.

ஆயினும் மண்ணைக் காக்கும் பணி மருந்தோடு சேர்ந்து நடைபெறவில்லை. மலசலகூடம் இன்றேல் சிகிச்சை வீண் என்று மருத்துவ அலுவலர் வற்புறுத்திவந்தபோதும், செலவைக் காரணங்காட்டித் தோட்ட நிருவாகங்கள் பல அதனைத் தள்ளிப்போட்டன. கட்டப்பட்டவற்றிலும் நீரும் பராமரிப்பும் இல்லாதவை பயன்படாமல் கிடந்தன. பேதி மருந்து ஒரு நாள் வேலையை மட்டுமே கெடுக்கும்; மலசலகூடமோ கல்லையும் கூலியையும் தொடர்ந்த கவனிப்பையும் கேட்கும். கணக்குப் புத்தகத்தில் முன்னதே மலிவாகத் தெரிந்தது.

1958இல் இலங்கை மீண்டும் உலக மருத்துவ இதழ்களில் இடம்பெற்றது. குட்வின், ஜயவர்த்தன, ஸ்ராண்டன் ஆகிய மூவர் பெபீனியம் என்னும் புதிய மருந்தை இங்கே நோயாளரிடம் சோதித்து முடிவுகளை வெளியிட்டனர். கசப்பு மிகுந்த மருந்தாயினும் அது முந்தியவற்றைவிடப் பாதுகாப்பானது; பேதி மருந்து வேண்டப்படாதது. பின்னர் மெபெண்டசோலும் அல்பெண்டசோலும் வந்தன. இன்று 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் வில்லை ஒன்றே ஒரு வேளைச் சிகிச்சையாக அமைகிறது.

இத்தனை முன்னேற்றத்துக்குப் பின்னரும், பெருந்தோட்டத்துறையில் 1992இல் நடந்த கணக்கெடுப்பு மூன்று முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிலும் பிள்ளைபெறும் வயதுப் பெண்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஏதேனும் ஒரு குடற்புழு இருப்பதைக் காட்டிற்று. இத்தொகையில் வட்டப்புழு, சாட்டைப்புழு ஆகியவையும் அடங்குமாதலால் 1916ஆம் ஆண்டின் எண்ணோடு இதனை நேரே ஒப்பிட இயலாது. ஆனால் மனிதமலம் கலந்த மண் அப்படியே இருந்ததற்கு அது சான்றாகும். 1994 முதல் 2005 வரை ஆண்டுக்கு இருமுறை தோட்டப் பிள்ளைகளுக்குக் குடற்புழு மருந்து வழங்கப்பட்டது. அது நின்று நான்கு ஆண்டுகளுக்குப் பின் நடந்த ஆய்வில் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேரிடம் தொற்று இருந்தது. மருந்தின் ஆற்றலையும் அதன் எல்லையையும் இந்த ஓர் எண்ணே கூறிவிடுகிறது.

ஓம மருந்திலிருந்து அல்பெண்டசோல் வரை நூறாண்டுகளில் புழுவை வெளியேற்றும் வழி பலமுறை மாறிற்று; புழு மீண்டும் புகும் வழியோ மாறவில்லை. சப்ரகமுவத் தோட்டங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீர்வசதியுள்ள தனி மலசலகூடமும் காலுக்குச் செருப்பும் கிடைக்கும் நாளே, இலங்கையில் 1916இல் தொடங்கிய சிகிச்சை அங்கே நிறைவுபெறும் நாளாகும்.