பரலும் பாயும்

பெண்கள் எப்படிப் படுத்தார்கள் என்பதற்கு வரலாறு உண்டா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். போருக்கும் கோட்டைக்கும் கண்மாய்க்கும் கல்வெட்டு இருக்கிறது, பாய்க்கு ஏது? ஆனால் பாண்டிய நாட்டில் இதற்கு இரண்டு பழைய சாட்சிகள் உண்டு. இரண்டும் அரசிகளின் படுக்கை பற்றியவை.

முதலாவது, நக்கீரரின் நெடுநல்வாடை. அரண்மனைக்குள் அரசியின் கட்டிலை அவர் விவரிப்பது தச்சருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பு மாதிரியே இருக்கும். 40 வயதில் போர்க்களத்தில் விழுந்த யானையின் தந்தம், குடம்போல் கடைந்த கால், அன்னத்தூவி பரப்பிய மெத்தை. அத்தனை மென்மையிலும் அரசிக்குத் தூக்கம் இல்லை. செவிலியர் ஆறுதல் சொல்கிறார்கள். கணவன் பாசறையில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நள்ளிரவில் நடக்கிறான். கட்டில் காலின் திரட்சிக்கு ஓர் உவமை வருகிறது: நிறைசூல் கொண்ட பெண்ணின் முலை. உரைகாரர்கள் அப்படித்தான் பொருள் சொல்கிறார்கள். கர்ப்பிணியின் உடம்பு கட்டில் காலுக்கு உவமையாக உதவியிருக்கிறது. அந்தக் கர்ப்பிணி எங்கே, எப்படிப் படுத்தாள் என்று நக்கீரருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டாவது, புறநானூறு 246. பூதப்பாண்டியன் இறந்தபின் அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயப் போகும்போது, தடுக்கும் சான்றோரிடம் பேசுவது. கற்பின் உச்சம் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த பாட்டு. எனக்கு இப்போது அது ஒரு வாக்குமூலமாகப் படுகிறது. கைம்பெண்ணாக இருந்தால் என்ன கிடைக்கும் என்று அவள் வரிசையாகச் சொல்கிறாள்: நெய் படாத பிழிந்த சோறு, எள் துவையல், புளி சேர்த்த வேளைக்கீரை, பிறகு பாய்கூட இல்லாத பரற்கல் படுக்கை. அப்படி வாழ்வதைவிடத் தீ மேல் என்கிறாள். சாப்பாட்டைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். படுக்கையை யாரும் நின்று பார்க்கவில்லை. பரலின் மேல் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். தோள் முட்டும் இடுப்பெலும்பும் முதலில் குத்தும். மல்லாந்தால் முதுகு முழுக்கக் குத்தும். எந்தப் பக்கம் திரும்பினாலும் விழிப்பு வரும்படியான தண்டனை அது. இரவில் உடம்பு எப்படிக் கிடக்க வேண்டும் என்பதைக்கூட ஊர் தீர்மானித்திருக்கிறது.

நல்ல தூக்கத்துக்கான அறிவுரையும் நம்மிடம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதியில் இடக்கை கீழிருக்கப் படுக்கச் சொல்கிறது; பகலில் உறங்காதே என்கிறது. அதே பாடல்கள் மூத்த பெண்ணைச் சேராதே என்றும் எச்சரிக்கின்றன. ஆகவே அந்த ‘நாம்’ யார் என்று விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து சாணம் கரைத்தவளுக்குப் பகல் தூக்கம் தடை என்றால், அவள் எப்போதுதான் தூங்குவது?

இடப்பக்கம் படுப்பதில் பொருள் இல்லாமல் இல்லை. அப்படிப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே அமைவதால் நெஞ்செரிச்சல் குறைகிறது. கர்ப்பிணிக்கு இது இன்னும் பெரிய விஷயம். மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை, முதுகெலும்பின் வலப்பக்கமாக ஏறும் பெரிய சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கிறது. 2011இல் நியூசிலாந்து ஆய்வு ஒன்று, குழந்தை வயிற்றிலேயே இறப்பதற்கும் தாய் படுக்கும் விதத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்றது. 2019இல் ஐந்து ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, 28 வாரத்துக்குப் பின் மல்லாந்து தூங்கப் போனவர்களுக்கு அந்த ஆபத்து இரண்டரை மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. இடமா வலமா என்பதில் வித்தியாசம் காணப்படவில்லை. அதாவது ஒருக்களிக்க இடம் இருந்தால் போதும்.

அந்த இடம்தான் பிரச்சினை. மேலூர்ப் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டில் திண்ணை ஆண்களுடையது, காற்றும் அங்கேதான். பத்தி அறையில் பிள்ளைகள் வரிசையாகக் கிடக்கும். பெண்கள் படுத்தது அடுப்படிக்கும் நிலைப்படிக்கும் நடுவில். மாதவிலக்கு நாட்களில் கோரைப்பாயும் கிடையாது, கிழிந்த சாக்குதான். தலைக்குக் கட்டை வைத்துக்கொள்வார்கள்.

இது பழங்கதை என்று தள்ள முடியாது. மதுரை மாவட்டம் கூவலப்புரத்திலும் பக்கத்துச் சில ஊர்களிலும் விலக்கான பெண்களும், பச்சைப்பிள்ளைக்காரிகளும் தங்குவதற்கென்று ‘முட்டுத்துறை’ இருப்பதைப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. சின்ன அறை, தனிப் பாத்திரம், தனிப் பாய், சோறு வீட்டிலிருந்து வரும். ஊர் சாமிக்குத் தீட்டு ஆகாது என்பது காரணம். நாலு நாள் ஓய்வு கிடைக்கிறதே என்று வாதாடுகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன், அதில் பெண்களும் உண்டு. வேலை இல்லாத இரவு அவர்களுக்கு அபூர்வம் என்பதால் அந்த வாதத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் சொந்த வீட்டுக்குள் கிடைக்காத ஓய்வை ஊர் ஓரத்தில் வைத்துக் கொடுப்பதை ஓய்வு என்று ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. பிரசவித்து ஒரு வாரம் ஆனவள் அடுத்தவள் முதுகு இடிக்காமல் பிள்ளைக்குப் பால் கொடுக்க எந்தப் பக்கம் திரும்புவாள்?

இந்தக் கட்டுரைக்காக மதுரையைச் சுற்றி வயதான பெண்களிடம் ஒரே கேள்வி கேட்டேன்: வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எப்படிப் படுத்தீர்கள்? பலர் யோசித்தார்கள், அப்படி யாரும் கேட்டதே இல்லை என்றார்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அம்மா மட்டும் சட்டென்று சொன்னார்: “ஒருக்களிச்சா? இந்தப் பக்கம் ரெண்டு பிள்ளைக, அந்தப் பக்கம் அவுக. நான் சுவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குனேன் தாயி. ஏழு பிள்ளைக்கும் அப்படித்தான்.”