தம்புராவை மின்சுற்றில் கட்டியவர்கள்

இந்திய மின்னணு இசையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அகமதாபாத்திலிருந்தே தொடங்குகின்றனர். 1969இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசர் ஒன்றை நிறுவினார். கீதா சாராபாயின் ஈடுபாடு அம்முயற்சியின் பின்னணியில் இருந்தது. சில ஆண்டுகளிலேயே அக்கூடம் ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிச்சம் கண்டன. சுவையான கதைதான். ஆயினும் கல்பாத்தி அக்ரகாரத்தில் பாட்டுக் கற்ற மாணவருக்கு அந்த மூக்கினால் ஆனது ஒன்றுமில்லை. அவர் கைக்கு எட்டிய மின்னணு இசைக்கருவி சுருதிப்பெட்டியே.

அது இசை அறிந்த ஒரு பொறியாளரின் கைவேலையில் பிறந்தது. பெங்களூரின் எச்.ஏ.எல். நிறுவனத்தில் பணியாற்றிய ஜி. ராஜ்நாராயண் உருவாக்கிய மின்னணுத் தம்புரா 1979 அளவில் சென்னை மியூசிக் அகாதெமி வட்டாரத்தில் அறிமுகமானது. அதற்கான சூழலும் கனிந்திருந்தது. 1970களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த 555 என்னும் ஒருங்கிணைந்த சுற்று, சில மின்தடைகளும் மின்தேக்கிகளும் இருந்தாலே ஒலியெழுப்பும். 1969இல் தில்லியில் தொடங்கிய ‘எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ போன்ற இதழ்கள் பொழுதுபோக்காகச் சுற்று அமைப்போரை வளர்த்தன.

ஒலி எழுப்புவது எளிது. சுருதி சேர்ப்பது அரிது. ஸட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் தனித்தனி அலையியற்றி வைத்தால், வெப்பம் மாறும்போது இரண்டும் வெவ்வேறு அளவில் நழுவும். ஒத்திசைய வேண்டிய அலைகளுக்கிடையே நொடிக்கு இரண்டு அதிர்வு வேறுபட்டால்கூட நொடிக்கு இருமுறை ஒலி ஏறி இறங்கும். பாடகரின் காது அதைப் பொறுக்காது. இதற்கு ஒரு வழி, ஒரே மூல அலையை எண்களால் வகுப்பது. மூன்றால் வகுத்தால் ஸட்ஜமம், நான்கால் வகுத்தால் அதன் கீழுள்ள பஞ்சமம், ஆறால் வகுத்தால் மந்தர ஸட்ஜமம். மூல அலை நழுவினாலும் மூன்றும் ஒருங்கே நழுவும், உறவு கெடாது. பியானோவின் சமப் பகுப்பில் கிடைக்காத தூய பஞ்சமம் இங்கே எளிய வகுத்தலில் கிடைத்துவிடுகிறது என்பது இக்கட்டுரைப் பொருளிலேயே மிக அழகிய செய்தி.

வகுத்தலால் எட்டாதது ஜீவா. தம்புராவின் அகன்ற குதிரைக்கும் தந்திக்கும் இடையே நூல் செருகினால் மேல் அதிசுரங்கள் பெருகி ஒலி விரிகிறது. சரிபாதிச் சதுர அலையிலோ ஒற்றை எண் அதிசுரங்களே உண்டு. ஓசை உட்குடைந்ததாய் ஒலிக்கும். தொடக்ககாலப் பெட்டிகளை ‘ரீங்காரம்’ என்று எள்ளியவர்கள் முற்றிலும் தவறாகப் பேசவில்லை.

மின்கருவியின்மீது ஐயம் பாலக்காட்டுக்குப் புதிதன்று. பாலக்காடு மணி ஐயர் (1912–1981) ஒலிபெருக்கியையே ஏற்காதவர். ஒலிபெருக்கியற்ற கச்சேரிகளை வலியுறுத்தினார். எனினும் கச்சேரி மேடையில் நிகழ்ந்த விவாதமும் சாதகம் செய்யும் அறையில் நிகழ்ந்த மாற்றமும் வேறு. தம்புரா மீட்ட ஆள் வைக்க இயலாத வீட்டில், அதிகாலையில் தனியே பாட அமர்ந்தவருக்குப் பெட்டி துணையானது. அதே பெட்டி, குருவின் பின்னால் மணிக்கணக்கில் தம்புரா மீட்டியபடி கேட்டே கற்ற சீடரின் இருக்கையையும் பறித்தது. மேடையில் இன்று தம்புரா இருக்கும்போதும் அதனருகே பெட்டியொன்று ஒலித்துக்கொண்டிருப்பதைக் காணலாம்.