தலைகீழ்ச் சிலுவையின் தலைகீழ்: 'ஹெல்லிக் உஸ்வார்ட்' இசைத்தொகுப்பும் மாற்றார் வடிவங் கொள்ளும் மரபும்

பேராதனையிலிருந்து கம்பளை நோக்கிச் செல்லும் பெருவீதியில் அமைந்த சிறு நகரம் கெலிஓயா. அங்கிருந்து சில கல் தொலைவில், உடுநுவரக் குன்றுகளின்மேல், கம்பளை அரசுக் காலத்துப் பௌத்த விகாரைகள் இரண்டு இன்றும் நிலைபெற்றுள்ளன. கடலாதெனிய, லங்காதிலகம் என்பன அவை. நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில், 1344ஆம் ஆண்டினை ஒட்டி எழுந்தவை. கடலாதெனிய விகாரையின் தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி என்பார். அவர் கருங்கல்லில் எழுப்பிய அவ்விகாரையின் தூண்களும் சிகரமும் தென்னாட்டுக் கோயிற் கட்டடக் கலையை நினைவூட்டுவன. லங்காதிலகப் பாறையிலோ சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளது. இந்துக் கோயில்களிற் பயின்ற சிற்பமுறை புத்தருக்கு மனை வகுத்தபோது அதனை எவரும் முரணென்று கருதியதாகத் தெரியவில்லை.

ஒரு சமயத்தாரிடையே வளர்ந்த வடிவம் பிறிதொரு சமயத்துக்குப் பணிபுரிதல் இவ்வாறு நம் அயலிலேயே பழங்கதையாகி விட்டது. ஆயின் ஒரு வடிவம் குறித்த ஒரு சமயத்தை இகழ்வதற்கென்றே பிறந்ததாயின், அச்சமயத்தாரே அதனைக் கையேற்றல் கூடுமா? கையேற்பின் அவ்வடிவம் அவர்களுக்கு அடங்குமா, அன்றி அவர்களைத் தன்வழிப்படுத்துமா? இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பிய நிகழ்ச்சி அண்மைக் கால இசை வரலாற்றில் ஒன்றுண்டு. 1994ஆம் ஆண்டு 'ஹோர்ட்' என்னும் பெயரில் வெளிவந்த 'ஹெல்லிக் உஸ்வார்ட்' என்ற கிறிஸ்தவ இசைத்தொகுப்பே அது. ஈண்டு ஆராயப்படுவதும் அதுவே.

அத்தொகுப்பினை விளங்கிக்கொள்வதற்கு 'பிளாக் மெற்றல்' எனப்படும் இசைவகையின் வரலாறு ஓரளவு வேண்டப்படும. அப்பெயர் இங்கிலாந்தின் 'வெனம்' குழுவினர் 1982இல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயரிலிருந்து வந்தது. வெனம் குழுவினருக்குச் சாத்தான் பெரும்பாலும் மேடைக் கோலமே. அக்கோலத்தை மெய்யென்று கொண்டவர்கள் பத்தாண்டுகளின் பின் நோர்வேயில் தோன்றிய இளைஞர்கள். 1984இல் உருவான 'மேஹெம்' குழுவின் கிற்றார் இசைஞர் ஒய்ஸ்ரைன் ஓர்செத், 'யூரொனிமஸ்' என்ற புனைபெயர் பூண்டவர், 1991இல் ஒஸ்லோவில் ஓர் இசைத்தட்டுக் கடை திறந்தார். நோர்வே மொழியில் நரகம் எனப் பொருள்படும் 'ஹெல்வெதெ' என்பதே அக்கடையின் பெயர். அதனைச் சூழ்ந்து திரண்டவர்களாற் செப்பமுற்ற இசை தனக்கென ஓர் இலக்கணமுடையது. கிற்றாரின் நரம்பை இடைவிடாது விரைந்து அதிரவைத்தல், முரசினை மூச்சுவிடாத கதியில் அறைதல், சொல் விளங்காதவாறு கீச்சிட்டுக் கதறுதல், ஒலிப்பதிவினை வேண்டுமென்றே கரடுமுரடாக விடுதல் என்பன அதன் கூறுகள். பாடுபொருள் கிறிஸ்தவ மறுப்பு. அந்நாளில் நோர்வேயின் லூத்தரன் திருச்சபை அரச திருச்சபையாக விளங்கியது என்பதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். 2012இன் அரசியலமைப்புத் திருத்தத்தோடுதான் அந்நிலை மாறியது. எனவே சபையைப் பழித்தல் அவ்விளைஞர்களுக்கு நாட்டின் ஒழுங்கு முழுவதையும் பழித்தலாயிற்று.

பழிப்பு பாட்டளவில் நிற்கவில்லை. 1992 யூன் 6ஆம் நாள் பேர்கன் நகரையடுத்த ஃபன்தொஃப்ற் மரத் தேவாலயம் தீக்கிரையாயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் கட்டப்பட்டு, 1883இல் அவ்விடத்துக்குப் பெயர்த்துக் கொணரப்பட்ட கோயில் அது. தொடர்ந்து வேறு பல தேவாலயங்களும் எரிந்தன. எரிந்த ஃபன்தொஃப்றின் நிழற்படத்தையே 'பேர்சும்' என்ற பெயரில் இசைத்த வார்க் விகேர்னஸ் 1993இல் தம் இசைத்தட்டின் முகப்பாக்கினார். அவ்வாண்டு ஓகஸ்டில் ஓர்செத் கொல்லப்பட்டார். அக்கொலைக்காகவும் தேவாலய எரிப்புகள் சிலவற்றுக்காகவும் விகேர்னசுக்கு 1994இல் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஹோர்ட்டின் தொகுப்பு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அதன் தோற்றுவாய் நோர்வேயன்று, அவுஸ்திரேலியா. பாடியவரும் எல்லா வாத்தியங்களையும் இசைத்தவரும் ஒருவரே. ஜேசன் ஷெர்லொக் என்னும் அவர் 'மோர்ற்றிஃபிகேஷன்', 'பரமேசியம்' ஆகிய கிறிஸ்தவக் குழுக்களில் முரசு முழக்கியவர். ஆயினும் இத்தொகுப்பில் அவர் பெயர் இல்லை. 'அனொனிமஸ்', அஃதாவது பெயரிலி, என்று மாத்திரமே இருந்தது. பேய்ப் பெயர்களைத் தேடிப் புனைந்துகொண்ட கூட்டத்தின் நடுவே பெயரின்மையையே பெயராக்கியமை ஒரு நகை. 'யூரொனிமஸ்' என்பதோடு அது கொள்ளும் ஒலியொப்புமை இன்னொரு நகை. ஐரோப்பாவில் இதனை வெளியிட்டது ஜேர்மனியின் 'நியூக்கிளியர் பிளாஸ்ற்' நிறுவனம். சமயச் சார்பற்ற அவ்வணிக நிறுவனத்தினூடாக வந்தமையால் தொகுப்பு கிறிஸ்தவக் கடைகளுக்குள் ஒடுங்காமற் பகைவர் கையையே நேராகச் சென்றடைந்தது. பெயரிலியின் மெய்ப்பெயரை வெளியிடுமாறு கோரி நிறுவனத்தாருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன என்ற செய்தி அக்காலத்திலேயே பரவியது.

தொகுப்பின் தலைப்பு தனித்து நோக்கத்தக்கது. நோர்வேயின் 'டார்க்த்ரோன்' குழுவினர் தம் இசையைப் 'புனிதமற்ற கறுப்பு மெற்றல்' என்று அறிவித்தனர். 'ஹெல்லிக் உஸ்வார்ட்' என்பதற்குப் 'புனிதமான கறுப்பின்மை' என்பது பொருள். எதிர்மறை முன்னொட்டினை ஒரு சொல்லிலிருந்து கழற்றி மறு சொல்லில் மாட்டிய அளவிலே முழுப் பொருளும் புரண்டுவிட்டது. இன்று இவ்வகை இசை முழுவதற்கும் 'அன்பிளாக்' என்று வழங்கும் பெயர் இத்தலைப்பினின்று பிறந்ததே.

பதின்மூன்று உருப்படிகளின் தலைப்புகளும் இவ்வுத்தியாலேயே இயங்குவன. முதலாவது, உறைந்த வடதிசைக் காற்றினிடையே ஒலிக்கும் ஆலய மணி. மணியும் பனிக்காற்றும் பிளாக் மெற்றலுக்குப் பழகிய பொருள்களே. அம்மணி எந்த ஆலயத்துடையது என்பதிலேதான் வேறுபாடு. பலியிடக் கிடத்திய கன்னியை அவிழ்த்துவிட்டு ஆடை அணிவிக்குமாறு ஒரு தலைப்புப் பணிக்கிறது. இரத்தக் கிண்ணத்திலிருந்து பருகுக என்கிறது மற்றொன்று. மேலோட்டமாகக் கேட்போர் இதனைச் சாத்தான் வழிபாட்டுச் சடங்கென்று கொள்வர். நற்கருணையில் உள்ள திருக்கிண்ணத்தை அறிந்தவருக்கோ இதில் ஓரெழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. பகைவர் தமக்கென எடுத்துக்கொண்ட படிமங்கள் பல திருச்சபையின் வீட்டுப் பொருள்களே என்பதை இத்தலைப்பு மெல்ல உணர்த்திவிடுகிறது.

'தலைகீழாக்கிய சிலுவையைத் தலைகீழாக்கு' என்று பொருள்படும் எட்டாவது தலைப்பே தொகுப்பின் நடுநாயகம் எனலாம். இருமுறை புரட்டிய சிலுவை பழைய நிலைக்கே மீளுமன்றோ! ஆயினும் ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. தலைகீழ்ச் சிலுவை ஆதியிற் சாத்தானின் அடையாளமன்று. தம் ஆண்டவரைப் போன்று இறத்தற்குத் தாம் தகுதியற்றவர் என்று கருதித் தலைகீழாக அறையப்பட்டவரென மரபு கூறும் பேதுருவின் அடையாளம் அது. தமிழ்க் கத்தோலிக்கர் அவரை இராயப்பர் என்பர். எனவே சாத்தானியர் கவர்ந்து சென்றதும் ஒரு கிறிஸ்தவச் சின்னத்தையே. பெயரிலி அதனை மீட்காமல் நிமிர்த்த முயன்றது தொகுப்பின் வேகத்தையும் காட்டும், குறையையும் காட்டும்.

குறை யாதெனில், பதின்மூன்றிற் பெரும்பாலானவை எதிரியை நோக்கியே பேசுகின்றன. ஆட்டுக்கடாவின் கொம்புகளை நசுக்குதல், நிந்தனை ஓதலை அடக்குதல், நலிந்து சாகும் எதிர்க்கிறிஸ்துவை ஏளனஞ் செய்தல் என்றவாறு தலைப்புகள் நீள்கின்றன. இறுதி உருப்படியின் தலைப்பே மன்றாடும் நெஞ்சினை ஆண்டவரிடம் நேராகத் திருப்புகிறது. மறுப்பினை மறுத்தல் துதியாகிவிடாது. மேலும், கதறும் குரலிற் சொற்கள் செவிக்குப் புலப்படுவதில்லை. தாளில் அச்சிட்ட சொற்களை நீக்கிவிட்டு ஒலியை மாத்திரம் கேட்கும் ஒருவர் இது எத்தரப்பாருடையது என்று துணிதல் அரிது. மிரட்டியவர்களின் சினத்துக்கும் இதுவே காரணமாதல் வேண்டும். ஒலி செம்மையாக அமையாதிருந்தால் அவர்கள் நகைத்து விட்டிருப்பர்.

தமிழ்க் கிறிஸ்தவ மரபில் இதனோடு ஒப்பிடத்தக்கது எது? தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி' முதலில் நினைவுக்கு வரும். 1800ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற அந்நூலிற் குற்றால நாதருக்கும் பிற தலைவர்களுக்கும் உரியதாயிருந்த உலாவும் குறியும் கிறிஸ்துவுக்கு உரியவாயின. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமாருட் சிலர் சாஸ்திரியாரின் பாட்டுகளை ஆலய வழிபாட்டினின்று விலக்க முற்பட்டமையும், அவர் அதனை எதிர்த்து எழுதியமையும் வரலாறு. ஆனால் குறவஞ்சி கிறிஸ்துவைப் பழிக்கப் பிறந்த வடிவமன்று. லங்காதிலகத்துக் கல்லைப் போல அது அயலான் வீட்டுப் பொருள், பகைவனின் படைக்கலமன்று.

உண்மையில் ஒப்புமை மறுதிசையிலேயே உள்ளது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1847 டிசெம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கஞ் செய்யத் தொடங்கினார். வாரந்தோறும் நிகழ்ந்த பிரசங்கம், அச்சகம், பாடசாலை, வினாவும் விடையுமாய் அமைந்த சமய பாடம் ஆகிய நான்கும் மிஷனரிமார் சைவத்தின்மேல் ஏவிய கருவிகள். நாவலர் அவற்றைப் பறித்து அவர்கள்மேலேயே திருப்பினார். பௌத்த மறுமலர்ச்சியில் நிகழ்ந்த இத்தகைய மாற்றத்தைப் பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1970இற் 'புரொட்டஸ்தாந்து பௌத்தம்' என்று பெயரிட்டு விளக்கினார். பறித்த கருவி பறித்தவரையும் மாற்றிற்று என்பதே அவ்விளக்கத்தின் உட்கிடை. பிரசங்கமும் வினாவிடையும் இன்று சைவத்துக்கே இயல்பாய் உரியன போலத் தோன்றுகின்றனவல்லவா? நாவலரின் வெற்றியும், அவ்வெற்றிக்குச் சைவம் கொடுத்த விலையும் அதுவே.

பெயரிலிக்கும் ஏறத்தாழ இதுவே நேர்ந்தது. அவருக்குப் பின் வந்த கிறிஸ்தவக் குழுக்களிடையே எதிர்ப்பின் வெம்மை தணிந்தது, வடிவமோ நிலைத்தது. நோர்வேயின் 'அன்ரெஸ்ற்றர்' குழுவினர் வேறு வழி கண்டனர். பிளாக் மெற்றல் என்ற பெயர் சாத்தானியத்தோடு பிணைந்ததெனக் கருதி அதனை விலக்கித் தம் இசையைத் 'துயர மெற்றல்' என்று வழங்கினர். எதிரியை நோக்கி ஏசுவதினும் உள்ளத்தின் இருளைப் பாடுதற்கு அவ்வொலி பொருந்தும் என்று அவர்கள் கண்டமை, ஹோர்ட் தொடாத ஓரிடத்தைத் தொட்டது. திருப்பாடல்களில் ஆழத்திலிருந்து எழும் முறையீட்டுக்கு இடமிருக்கும்போது, கதறலுக்குக் கிறிஸ்தவ வழிபாட்டில் இடமில்லை என்று எவர் கூறுவர்?

எரிந்த ஃபன்தொஃப்ற் தேவாலயம் 1997இல் மீளக் கட்டி முடிக்கப்பட்டது. 2005இல் அன்ரெஸ்ற்றரின் 'த ஃபோர்சேக்கன்' தொகுப்பு வெளிவந்தபோது அதில் முரசறைந்தவர் மேஹெம் குழுவின் 'ஹெல்ஹமர்', ஓர்செத்தோடு ஒரே குழுவில் இசைத்தவர். அடுத்த ஆண்டு, ஹெல்வெதெ கடை முன்னர் இருந்த ஒஸ்லோ நகரிலேயே, ஹோர்ட்டின் பாடல்கள் மேடையேறின. அப்போது பெயரை மறைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.